வேரோடு பறித்த பூ



இவ்விதழ் உங்கள் கைகளுக்கு வந்து சேரும்போது மழைக்காலம் தொடங்கியிருக்கும். முனிவர்கள் ஊர்தோறும் நடப்பதை நிறுத்தி ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாஸ்ய காலம் அது. எதற்காகத் தங்குகின்றனர் என்று ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பில் சிறுவர்களைக் கேட்டோம். "மழையில் நனையாமல் இருக்க" என்றான் ஒருவன். "புழு பூச்சி மிதிபடாமல் இருக்க" என்றாள் ஒரு சிறுமி. அவள் சொன்னது சரியான விடை. ஆயினும் பாதி விடை. முதல் மழை விழுந்தவுடன் வழியெங்கும் புல்லும் பூண்டும் முளைத்தெழுகின்றனவே, அவையும் மிதிபடாதிருக்க வேண்டும் என்பதும் அந்தத் தங்கலுக்குக் காரணம். பூண்டைப் பற்றி எந்தக் குழந்தையும் வாய் திறக்கவில்லை.

குழந்தைகளைக் குறை சொல்வானேன்? பிரதிக்கிரமணத்தில் எண்பத்து நான்கு இலட்சம் யோனிகளில் பிறந்த உயிர்கள் அனைத்திடமும் பிழை பொறுக்குமாறு நாம் வேண்டுகிறோம். அக்கணக்கில் தனியுடல் கொண்ட தாவரங்களுக்கு மட்டும் பத்து இலட்சம் உண்டு. நிலவுயிர், நீருயிர், தீயுயிர், காற்றுயிர் ஒவ்வொன்றுக்கும் ஏழு இலட்சம். நம் போன்ற மனிதர்க்குப் பதினான்கு இலட்சம். நாவு இவ்வெண்களை விரைந்து சொல்லிக் கடந்து போகிறது. மனம் அந்தப் பத்து இலட்சத்தில் ஒரு கணமேனும் நின்றதுண்டா என்று அவரவரே கேட்டுக் கொள்ளலாம். எம் அளவில், முப்பத்திரண்டு வயது வரை நின்றதில்லை.

மரமும் செடியும் ஓரறிவுயிர் என்பது நம் சமயத்தார் மட்டும் கூறியதன்று. தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவே வகுத்திருக்கிறது. உற்றறியும் அறிவு ஒன்றே அவற்றுக்கு உண்டு. காணக் கண்ணில்லை, கேட்கச் செவியில்லை, தப்பி ஓடக் காலில்லை, 'என்னை விட்டுவிடு' என்று சொல்ல நாவில்லை. நின்ற இடத்திலேயே நிற்பதால் ஸ்தாவரம் எனப் பெயர் பெற்றன.

இல்லறத்தார் இந்த ஸ்தாவர ஹிம்சையை முற்றிலும் நீக்க இயலாது என்பதை ஆசாரியர்கள் அறிந்தே இருந்தனர். சோறும் காயும் இன்றி வாழ்வது எவ்வாறு? ஆகவே அஹிம்சா அணுவிரதத்தில் அசையும் உயிர்களைக் கொல்லாமையையே இல்லறத்தார்க்கு முதன்மையாக வைத்தனர். அவ்வளவோடு நம் பொறுப்பு முடிந்தது என்று நாம் எண்ணிக் கொண்டதுதான் பிழை. குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் என ஒன்று உண்டு. பயனின்றிச் செய்யும் தீங்கிலிருந்து விலகுதல் என்பது அதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியரின் ரத்தினகரண்டக சிராவகாசாரம் இத்தகைய தீங்கை ஐந்தாகப் பகுத்துரைக்கிறது. அதனை அடியொற்றிய தமிழ் அருங்கலச்செப்பு நம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. ஐந்தையும் இங்கே விரிக்கப் போவதில்லை. இரண்டை மட்டும் எடுத்துக் கொள்கிறோம். அவ்விரண்டிலும் யாமே குற்றம் புரிந்தவர் என்பதே காரணம். ஒன்று பிரமாத சரியை: வேண்டாத இடத்தில் மண்ணை அகழ்தல், நீரைச் சிதறுதல், தீ மூட்டுதல், தேவையின்றிச் செடி கொடிகளைக் கொய்தல் போன்றவை. மற்றொன்று பாபோபதேசம்: தீவினையைப் பிறர்க்குக் கற்பித்தல்.

நிகழ்ந்ததைச் சொல்லுமுன் குறிஞ்சிச் செடியைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். குறிஞ்சித் திணை என்று பள்ளியில் படித்தவர் பலர். அச்செடியைக் கண்டவர் சிலர். கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களைத் தொடுத்துக் கூறிய பத்துப்பாட்டு நூலுக்கும் இம்மலரின் பெயரே வாய்த்தது. பழனி மலை, நீலகிரி, ஆனைமலை, மூணாறு ஆகிய உயர்ந்த மலைகளில் ஏறத்தாழ 1,300 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரை உள்ள புல்வெளிச் சரிவுகளில் அது வளர்கிறது. காற்று கடுமையாக வீசும் உச்சிச் சரிவில் முழங்கால் உயரமே இருக்கும். ஒதுக்கமான இடத்தில் ஆளுயரமும் வளரும். பூவாத காலத்தில் பார்த்தால் ஏதோ ஒரு காட்டுப் புதர் என்றே தோன்றும். நாமும் அவ்வாறே எண்ணிக் கடந்திருப்போம்.

பன்னிரண்டு ஆண்டுகள் அது அப்படியே இருக்கிறது. மழையும் பனியும் வெயிலும் மாறி மாறி வந்து போகின்றன. பன்னிரண்டாம் ஆண்டில், ஆடி தொடங்கி ஐப்பசி வரையில், மலைச் சரிவு முழுவதும் ஒரே காலத்தில் நீலமும் ஊதாவும் கலந்த மணி வடிவப் பூக்களால் நிறைகிறது. தேனீக்கள் மொய்க்கின்றன. பின்னர் காய் உலர்ந்து வெடித்து விதை சிதறுகிறது. விதை சிதறிய பின் செடி மாய்ந்து விடுகிறது. வாழ்நாளில் ஒரே முறை பூத்தல், பூத்தபின் இறத்தல். அடுத்த தலைமுறை மண்ணில் விழுந்த அவ்விதைகளிலிருந்தே எழ வேண்டும். அத்தனை செடிகளும் ஒரே ஆண்டில் விதைப்பதால், விதையை உண்ணும் உயிர்கள் எவ்வளவு உண்டாலும் எஞ்சியவை முளைக்கப் போதும் என்று தாவர நூலார் கூறுகின்றனர். 1838 ஆம் ஆண்டு முதல் இப்பூப்பைக் குறித்து வைத்திருக்கின்றனர். எம் வாழ்நாளுக்குள் வந்தவை 1958, 1970, 1982, 1994, 2006, 2018. அடுத்தது 2030. பழனி மலையில் வாழும் பளியர் மக்கள் முற்காலத்தில் தம் அகவையையே இப்பூப்பைக் கொண்டு கணக்கிட்டனர் என்பர். 'எத்தனை குறிஞ்சி கண்டவர்?' என்பது நல்ல கணக்குத்தான்; அவ்வாறு எண்ணினால் யாம் இன்னும் ஏழைத் தொடவில்லை.

1982 ஆம் ஆண்டு யாம் ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அறிவியல் கற்பித்து வந்தோம். பயிற்சி மாணவியர் ஒவ்வொருவரும் ஐம்பது செடிகளைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயர் எழுதித் தர வேண்டும். ஹெர்பேரியம் என்று அதற்குப் பெயர். வேர், தண்டு, இலை, பூ நான்கும் இருந்தால்தான் முழு மதிப்பெண். இப்படித்தான் எமக்கும் கற்பித்தார்கள். இப்படித்தான் யாமும் கற்பித்தோம். வேர் அறுந்திருந்தால் இரண்டு மதிப்பெண் குறைத்த கை இந்தக் கை.

அவ்வாண்டு புரட்டாசியில் மாணவியரைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். குறிஞ்சி பூத்திருக்கிறது என்று செய்தித்தாளில் வந்திருந்தது. பேருந்தில் நாற்பது மாணவியர். ஊரைத் தாண்டி ஒரு சரிவில் வண்டி நின்றது. கண்ணுக்கெட்டிய தொலைவு நீலம். பாறையின் மேல் ஏறி நின்று அரைமணி நேரம் பாடம் நடத்தினோம். இலை அமைப்பு, பூங்கொத்து, தாவரக் குடும்பம் எல்லாம் கூறினோம். இறுதியில் யாம் சொன்ன வாக்கியம் இன்றும் மறக்கவில்லை. "ஆளுக்கு ஒரு செடி, வேரோடு, பூவோடு எடுத்துக் கொள்ளுங்கள். இனிப் பன்னிரண்டு ஆண்டுக்குக் கிடைக்காது."

ஆளுக்கு ஒன்று என்றுதான் சொன்னோம். ஒன்று அறுந்தது என்று இன்னொன்று. தோழிக்கு என்று ஒன்று. வீட்டில் காட்ட ஒன்று. வண்டியில் ஏறும்போது ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கட்டு இருந்தது. அப்போது விறகுச் சுமையோடு அவ்வழியே வந்த மலைவாழ் மூதாட்டி ஒருவர் நின்று பார்த்தார். சுமையை இறக்காமலே கேட்டார்: "ஏம்மா, வெதை விழுறதுக்கு முன்னாலயே புடுங்கிட்டீங்களே, இனி இது எங்கேருந்து வரும்?"

"பாடத்துக்காகப் பாட்டி" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. எம்மை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்து போனார்.

வண்டி வத்தலக்குண்டு வந்து சேர்வதற்குள் பூக்கள் அனைத்தும் துவண்டு போயின. மலையின் குளிரில் வாழ்ந்த செடி தரையின் வெக்கையைத் தாங்குமா? கட்டுகளில் பெரும்பகுதியை மாணவியர் சாளரம் வழியே எறிந்தனர். ஏட்டில் ஒட்டப்பட்டவை பதினைந்துக்கு மேல் இரா. அவற்றுக்கு யாம் முழு மதிப்பெண் அளித்தோம்.

அன்று எமக்கு உறுத்தல் ஏதும் தோன்றவில்லை என்பதை மறைக்காமல் கூற வேண்டும். அந்த மூதாட்டி கேட்ட கேள்வி மட்டும் அவ்வப்போது நினைவில் வந்து போகும். ஆண்டுகள் கழித்து ஒரு பர்யூஷண காலத்தில் எம் கணவரின் தமக்கையார் அருங்கலச்செப்புக்குப் பொருள் சொல்லிக் கொண்டிருந்தார். பாபோபதேசம் வந்தது. வாணிகர் பொய் எடை கற்பிப்பதையும், வேடர்க்கு விலங்கு உலவும் இடத்தைக் காட்டிக் கொடுப்பதையும் எடுத்துக்காட்டாகக் கூறினார். அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த எமக்குத் திடுமென அந்தப் பாறை நினைவுக்கு வந்தது. பாறை மேல் நின்று காட்டிக் கொடுத்தவர் யார்? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வழியிலும் வினை வந்து சேரும் என்று நாமே குழந்தைகளுக்குச் சொல்கிறோம். யாம் ஒரு செடியைக்கூடக் கையால் தொடவில்லை. நாற்பது பேரைக் கொண்டு செய்வித்தோம். அதற்கு மதிப்பெண் போட்டு உடன்படவும் செய்தோம். அதோடு முடிந்ததா? அந்த நாற்பது பேரும் ஆசிரியைகளாகிச் சென்றனர். அவர்கள் எத்தனை வகுப்புகளில் 'வேரோடு கொண்டு வா' என்று சொல்லியிருப்பார்கள் என்பதை எண்ணவே அஞ்சுகிறோம். ஆசிரியர் தொழிலில் புண்ணியம் பெருகுவது போலவே இதுவும் பெருகும்.

1994 ஆம் ஆண்டு பூப்பின்போது மீண்டும் அந்தச் சரிவைத் தேடிச் சென்றோம். பாறை இருந்தது. சுற்றிலும் வாட்டில் மரங்கள் மேலிருந்து இறங்கி வந்து சரிவை மூடத் தொடங்கியிருந்தன. பாறை ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குறிஞ்சிச் செடிகள். எம் நாற்பது பேர்தாம் அச்சரிவை வெறுமையாக்கினர் என்று சொன்னால் அது மிகையாகும், தற்பெருமையும் ஆகும். தேயிலைத் தோட்டம், தைலமரம், வாட்டில், பைன், சாலை, விடுதி என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் புல்வெளிகள் சுருங்கி வந்திருக்கின்றன. எம் பங்கு சிறியது. சிறியது என்பதற்காக அது எம்முடையது அன்று என ஆகிவிடுமா?

இந்த இடத்தில் கடல் கடந்த ஒரு மரத்தின் கதையைச் சொல்ல வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு இதனைப் படித்தபோது, எம் கதையையே யாரோ பெரிய எழுத்தில் எழுதி வைத்தது போலத் தோன்றியது.

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதி மலைகளில் பிரிஸ்டில்கோன் பைன் என்றோர் ஊசியிலை மரம் உண்டு. குளிரும் வறட்சியும் மிகுந்த, வேறு மரங்கள் நிற்க அஞ்சும் கற்பாங்கான நிலத்தில் அது நிற்கிறது. வளர்ச்சி மிக மெதுவானது. முதிர்ந்த மரத்தில் பெரும்பகுதி பட்டுப்போய், ஒரு சிறு பட்டைக் கீற்று மட்டும் உயிரோடிருந்து மேலே உள்ள சில கிளைகளுக்கு நீரைக் கொண்டு செல்லும். அவ்வளவு சிக்கனமான வாழ்க்கை. நெவாடா மாநிலத்தில் வீலர் சிகரத்தின் சரிவில் அத்தகைய மரம் ஒன்று இருந்தது. புரோமிதியஸ் என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தனர். 1964 ஆம் ஆண்டு பழங்காலப் பனியாறுகளை ஆராய வந்த மாணவர் ஒருவர் அதன் வயதை அறிய விரும்பினார். மரத்தைக் கொல்லாமல் மெல்லிய துளையிட்டு வளையங்களை எண்ணும் கருவி உண்டு. அக்கருவியால் அம்மரத்தில் வேண்டிய அளவு அறிய முடியாமற் போயிற்று என்பர். வனத்துறையின் இசைவு பெற்று மரத்தை வெட்டினர். பின்னர் அமர்ந்து வளையங்களை எண்ணினர். நாலாயிரத்து எண்ணூற்றுக்கும் மேல் இருந்தன. அதன் வயது ஏறத்தாழ 4,900 ஆண்டுகள் என மதிப்பிட்டனர். அந்நாள் வரை மனிதர் வயது கண்டறிந்த தனிமரங்கள் அனைத்திலும் மூத்தது அது. வெட்டிய பிறகுதான் அது தெரிந்தது.

பகவான் மகாவீரர் பாவாபுரியில் முக்தி எய்தியது கி.மு. 527. அன்று அம்மரத்துக்கு இரண்டாயிரத்து முந்நூறு வயதுக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்தாவர உயிர்களின் ஆயுளைக் கூறுமிடத்து, தாவரங்களின் மிகுதியான ஆயுள் பதினாயிரம் ஆண்டு என்று நம் ஆகமங்கள் வரையறுக்கின்றன. இளமையில் இதனைப் படித்தபோது, பெரியோர் ஏதோ பெருக்கிச் சொல்லியிருக்கின்றனர் என்று எண்ணியதுண்டு; அறிவியல் ஆசிரியை அல்லவா! அம்மரம் அந்த வரம்பில் ஏறத்தாழப் பாதியைக் கடந்து நின்றது என்பதை அறிந்தபோது எம் அகந்தை அடங்கிற்று.

அந்த மாணவரைக் கொடியவர் என்று சொல்ல எமக்குத் தகுதியில்லை. அவருக்கும் பகையில்லை, பேராசையில்லை. அறிவு வேட்கை ஒன்றே இருந்தது. எமக்கும் அன்று அவ்வாறே. ஆயினும், 'அறிய வேண்டும்' என்பதற்காக அறியப்படுவதையே அழித்தல் எத்தகைய அறிவு? அவர் அறிந்தது ஓர் எண். யாம் அறிந்தது ஒரு தாவரக் குடும்பத்தின் பெயர். இன்று கலிபோர்னியாவில் அதே இனத்தைச் சேர்ந்த மெதூசலா எனும் மரம் 4,800 ஆண்டுகளைத் தாண்டி உயிருடன் நிற்கிறது. அது எந்த மரம் என்பதை வனத்துறையினர் வெளியிடுவதில்லை. காண வருவோர் அனைவரும் அம்மரங்களுக்கிடையே நடக்கலாம். இதுதான் என்று சுட்டிக்காட்ட எவருமிலர். யாரும் தமக்கென ஒரு துண்டைக் கிள்ளிச் செல்லக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

காஞ்சிபுரம் அருகே திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் கோயிலுக்குச் சென்றவர்கள், பின்புறம் மேடைமீது நிற்கும் குரா மரத்தைக் கண்டிருப்பீர்கள். தன் அளவுக்கு மேல் ஓங்காமலும் குறையாமலும் அது நிற்கிறது என்று அங்குள்ள கல்வெட்டுச் செய்யுள் கூறுகிறது. ஒருமுறை அங்கிருந்த உபாத்தியாரிடம் அதன் வயது என்ன என்று கேட்டோம். "எங்கள் பாட்டனார் காலத்திலும் இப்படியே இருந்ததாம்" என்றார். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அன்று அந்த விடை எமக்குப் போதாததாகத் தோன்றியது. இன்று போதும்.

நாவல் மரத்தின் கீழ் வந்த ஆறு பேரின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. பசித்து வந்தவர்களுள் கிருஷ்ண லேசியை உடையவன் மரத்தை வேரோடு சாய்க்க வேண்டும் என்கிறான். அடுத்தவன் அடிமரத்தில் வெட்டுவோம் என்கிறான், மற்றவன் பெருங்கிளையை, இன்னொருவன் சிறு கொம்பை, ஐந்தாமவன் பழத்தை மட்டும் பறிப்போம் என்கிறான். சுக்ல லேசியை உடையவன், கீழே உதிர்ந்து கிடப்பவையே நமக்குப் போதும் என்கிறான். இக்கதையை நூறு முறை வகுப்பில் சொல்லியிருப்போம். அந்த ஆறு பேருக்கும் பசி இருந்தது. யாம் பசியுமின்றி முதலாமவனின் சொல்லைச் சொன்னோம் என்பதை அப்போதெல்லாம் உணரவில்லை.

பூசைக்குப் பூப் பறிக்கலாமா என்று இவ்விடத்தில் சிலர் கேட்பீர்கள். வகுப்பிலும் கேட்டார்கள். வடநாட்டு அன்பர்கள் சிலர் பூவுக்கு மாற்றாக மஞ்சள் தோய்த்த அரிசி வைக்கின்றனர். நம்மவர் வழக்கம் பூவே. யாம் வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. தாமே நீர் விட்டு வளர்த்த செடியிலிருந்து, வேண்டிய அளவு, அச்செடி மறுநாளும் பூக்கும்படி எடுப்பது ஒன்று. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் பூவைப் பறித்து ஒரு மணி நேரத்தில் எறிவது வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, 'எல்லாம் ஹிம்சைதானே' என்று தத்துவம் பேசித் தப்பித்துக் கொள்வோரைக் கண்டால் எமக்குச் சற்றுச் சினம் வருகிறது. சினமும் கஷாயம்தான்; அதற்கும் மன்னிப்புக் கேட்டுக் கொள்கிறோம்.

2018 ஆம் ஆண்டு, அறுபத்தெட்டாம் வயதில், கைத்தடியுடன் மகன், பேத்தியோடு கொடைக்கானலுக்குப் போனோம். பேத்தி கைபேசியில் நிழற்படம் எடுத்தாள். குனிந்து, பூவைத் தொடாமல், ஒரு பூவுக்குள் தேனீ நுழைவதைக்கூட எடுத்துவிட்டாள். யாம் நாற்பது பேரைக் கொண்டும் காட்ட முடியாததை அச்சிறுமி ஒரு விரலால் காட்டினாள். அன்று மாலை பேருந்து நிலையத்தில் ஒரு தாய் கைநிறையக் குறிஞ்சிப் பூங்கொத்து வைத்திருந்தார். அவரைக் கடிந்து கொள்ளவில்லை. அருகில் அமர்ந்து 1982 ஆம் ஆண்டு நிகழ்ந்ததை மட்டும் சொன்னோம். அவர் கொத்தைப் பார்த்துக் கொண்டே இருந்தார். "தெரியாதுங்கம்மா" என்றார். எமக்கும் தெரியாதுதான் என்றோம்.

இப்போது சட்டமும் வந்திருக்கிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022 ஆம் ஆண்டு செய்த திருத்தத்திற்குப் பின், நீலக்குறிஞ்சி பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. அதனைப் பிடுங்குவதும் அழிப்பதும் தண்டனைக்குரிய குற்றம். 2024 ஆம் ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவுக்கு இலக்காகக் கூடிய இனமாகச் செம்பட்டியலில் சேர்த்தது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் 2006 ஆம் ஆண்டே இம்மலருக்கெனக் குறிஞ்சிமலை என்ற பெயரில் ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது. நல்லவை. ஆனால் சட்டத்துக்கு அஞ்சிக் கையை இழுத்துக் கொள்வதற்கு நமக்கு ஒரு சமயம் தேவையில்லை.

செய்த பிழைக்குப் பிராயச்சித்தம் என்ன என்று ஒரு தாயாரிடம், ஆரியிகை அம்மையாரிடம், கேட்டோம். உண்ணா நோன்பு சொல்வார் என்று எதிர்பார்த்தோம். "பெயர் தெரியாமல் செய்த பிழை அல்லவா? ஒரு மரத்தையாவது சரியான பெயரோடு வளருங்கள்" என்றார். அவர் எதை எண்ணிச் சொன்னாரோ; எமக்கு நம் ஜினாலயத்து வாயில் நினைவுக்கு வந்தது.

அருகப் பெருமான் பிண்டி நிழலில் அமர்ந்தவன். எண்வகைச் சிறப்புகளுள் அசோக மரமே முதலில் வைத்து எண்ணப்படுகிறது. நம் கோயில்கள் பலவற்றின் வாயிலில் அசோக மரம் என்று ஒன்றை வளர்த்திருக்கிறோம். ஒல்லியாக உயர்ந்து, நீண்ட இலைகளின் விளிம்பு நெளிந்து, கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும் அம்மரம் அசோகமன்று, நெட்டிலிங்கம். யாமும் முப்பது ஆண்டுகள் அதை அசோகம் என்றே கற்பித்தோம். இதையும் சொல்லிவிடுவது நல்லது. மெய்யான பிண்டி குடை போலப் படர்ந்து வளரும். தளிர்கள் செம்புநிறத்தில் துவண்டு தொங்கும். பூங்கொத்துகள் முதிர்ந்த கிளைகளிலும் அடிமரத்திலும் நேரடியாக வெடித்து வரும். முதலில் மஞ்சள் கலந்த செம்மை, நாள் செல்லச் செல்ல நல்ல சிவப்பு. இதழ் என்று நாம் காண்பது இதழன்று. புல்லிதழே நிறம் பெற்று அவ்வாறு தோன்றுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் இயல்பாக வளரும் இம்மரத்தை மருந்துக்காகப் பட்டை உரித்து உரித்தே அருகச் செய்துவிட்டனர். இதுவும் அந்தச் செம்பட்டியலில் இருக்கிறது. தீர்த்தங்கரர்க்கு நிழல் தந்த மரம் காட்டில் பட்டையிழந்து நிற்க, அதன் பெயரை வேறொரு மரத்துக்குச் சூட்டி நாம் நாள்தோறும் வலம் வருகிறோம்.

நெட்டிலிங்கத்தை வெட்டச் சொல்லவில்லை, அதுவும் ஓரறிவுயிர், அது எந்தப் பொய்யும் சொல்லவில்லை. கோயில் நந்தவனத்தின் வடமேற்கு மூலையில், கிணற்றுநீர் வழிந்தோடும் இடத்தில் ஒரு பிண்டிக் கன்றை நட்டோம். முதற்கன்று வெயிலில் கருகிற்று. இரண்டாவதற்கு ஓலை மறைப்புக் கட்டி, முதல் மூன்று கோடையும் நிழல் கொடுத்தோம். ஏழாம் ஆண்டில், பங்குனியில், முழங்கால் உயரத்தில் அடிமரத்திலிருந்து ஒரே ஒரு கொத்து வந்தது. பூசைக்கு எடுக்கலாமா என்று உபாத்தியார் கேட்டார். விதைக்கட்டும் என்றோம். இவ்வாண்டு பதினோரு கொத்துகள்.

பிண்டி விதையைச் சேமித்து வைக்க இயலாது, உலர்ந்தால் முளைக்காது. நெற்று வெடித்த சில நாட்களிலேயே மணலும் மக்கிய எருவும் கலந்து நிழலில் ஊன்ற வேண்டும். சென்ற முறை ஊன்றியவற்றில் முளைத்தவை பத்தொன்பது. அவற்றுள் ஆறு கன்றுகளை அறநெறி வகுப்புக் குழந்தைகள் தத்தம் ஊர் ஜினாலயங்களுக்கு எடுத்துச் சென்றனர். எஞ்சியவை கிணற்றடியில் இருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் பெயர் எழுதிய அட்டை கட்டியிருக்கிறோம். கோடையில் நீர் வார்க்க ஆள் உள்ள கோயிலார் சாதுர்மாஸ்யம் முடிவதற்குள் வந்து எடுத்துச் செல்லலாம்.